மஞ்சள் பஸ்ஸும் நடையுமா ரீயூனியன் தீவு: போனவங்க உங்க அனுபவத்தையும் போடுங்க

ரீயூனியன் தீவு பத்தி யார்கிட்ட கேட்டாலும் முதல்ல சொல்றது கார் வாடகைக்கு எடுத்துக்கோங்க, கார் இல்லேன்னா அங்க ஒண்ணும் பாக்க முடியாதுன்னுதான். நான் கார் எடுக்கல. பூரா பஸ்ஸு, பஸ் விட்ட இடத்துலேர்ந்து நடை. திரும்பி வந்தப்புறம் யோசிச்சுப் பாத்தா எனக்கு அந்தத் தீவுல கிடைச்ச நல்லது எல்லாமே பஸ்லயும் நடைபாதையிலயும்தான் கிடைச்சுது, கார்ல போயிருந்தா வியூ பாயின்ட் வியூ பாயின்ட்டா இறங்கி போட்டோ எடுத்துட்டு வந்திருப்பேன். அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு: மடகாஸ்கருக்குக் கிழக்கால ஏறக்குறைய 700 கிலோமீட்டர், மொரிஷியஸ்லேர்ந்து ஃப்ளைட்ல முக்கால் மணி நேரம். பிரான்ஸைச் சேர்ந்தது, யூரோதான் செலாவணி. மொத்தப் பரப்பு 2,500 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா நடுவுல 3,070 மீட்டர் உசரத்துக்கு பித்தோன் தெ நேஜ்னு ஒரு மலை நிக்குது. அது அடங்கிப்போன எரிமலை. தென்கிழக்கு மூலையில இருக்கறது பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர், அது அடங்கவே இல்ல, உலகத்துல அடிக்கடி கக்கற எரிமலைகள்ல அதுவும் ஒண்ணு. ஜனங்க பெரும்பாலும் கடலோரம்தான், மெயின் ரோடும் தீவைச் சுத்தி வளையமா போகுது. உள்ள மலைக்கு நடுவுல இடிஞ்சு உள்வாங்கின மூணு பெரிய கிண்ணம், சிலாவோஸ், சலாசி, மஃபாத். முதல் ரெண்டுக்கும் பஸ் இருக்கு. மஃபாத்துக்கு ரோடே கிடையாது, நடந்து போகணும், இல்லேன்னா ஹெலிகாப்டர்.

வளைய ரோட்ல ஓடறது கார் ஜோன்ங்கற மஞ்சள் பஸ். ஏறும்போது டிரைவர் கண்ணைப் பாத்து போன்ழூர் சொல்லணும், சொல்லாம ஏறினா அது மரியாதைக் குறைவு, கடைசி சீட்ல இருக்கற பையன்கூட சொல்லிட்டுத்தான் ஏறறான். நீங்க இறங்கற ஸ்டாப் வருதுன்னா ரெண்டு கையையும் பலமா தட்டணும். ஆமா, கைதட்டறதுதான் அங்க வழக்கம். முதல் தடவை யாரோ பின்னாடி படபடன்னு தட்டினதும் எனக்கு ஒண்ணும் புரியல, பஸ் ஓரங்கட்டி நின்னு ஒரு பாட்டி பையைத் தூக்கிட்டு இறங்கினதும்தான் விளங்குச்சு. அப்புறம் நானும் தட்ட ஆரம்பிச்சேன், வெக்கம் எல்லாம் ஒரு ஸ்டாப்தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். என்னைக் கேட்டா ரீயூனியன்ல ஒரே ஒரு பஸ் ரூட்தான் போக முடியும்னா சான் பெனுவாலேர்ந்து தெற்கு கடலோரமா சான் ஃபிலிப் வழியா சான் பியேர் போற பஸ்ஸைப் பிடிங்க. அதேதான் லாவா ரோடு. பஸ் அடிக்கடி கிடையாது, ஒண்ணை விட்டா அடுத்ததுக்கு ரொம்ப நேரம் உக்காரணும், ஆனா அந்த இடைவெளியிலதான் நடக்கறதுக்கு நேரம் கிடைக்குது.

அந்த பஸ்ல என் பக்கத்துல ஒரு அம்மா, அறுபத்தஞ்சு எழுபது வயசு இருக்கும், மடியில கூடை நிறைய முருங்கைக்கீரை. என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் "மல்பார்?"னு கேட்டாங்க. தமிழ் வம்சாவளிக்காரங்களை அங்க அப்படித்தான் சொல்றது. நான் இல்லம்மா, இந்தியாலேர்ந்து வந்திருக்கேன், காரைக்கால் பக்கம்னு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை பிரெஞ்சுல சொன்னேன். காரைக்கால்னதும் அவங்க என் கையைப் பிடிச்சுட்டாங்க. அந்தப் பேரு அவங்க வீட்ல சொல்லிச் சொல்லி வந்த பேராம். 1848ல அங்க அடிமை முறையை ஒழிச்சதுக்கு அப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு பாண்டிச்சேரி, காரைக்கால் துறையிலேர்ந்து ஒப்பந்தக் கூலியா ஆயிரக்கணக்குல கப்பலேத்தினாங்க, அதுல ஒரு கப்பல்ல வந்தது அவங்க பாட்டியோட பாட்டி. தமிழ் பேச வராது. ஆனா மாரியம்மனுக்குப் பாடற ரெண்டு வரி வரும்னு சொல்லி பஸ்லயே மெல்லப் பாடினாங்க, உச்சரிப்பு எங்கெங்கயோ மாறிப் போயிருந்துச்சு, ராகம் அப்படியே இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கும் போவாங்களாம், கோயில்ல தீமிதிக்கு விரதமும் இருப்பாங்களாம், ரெண்டும் சொல்லும்போது அவங்க முகத்துல எந்த மாத்தமும் இல்ல. பேரு முதல்ல பிரெஞ்சு, குடும்பப் பேரு "சாமி"ல முடியுது, அன்னிக்கு எழுதின குமாஸ்தா காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதி வெச்ச ஸ்பெல்லிங். நான் காரைக்கால்ல பொறந்து வளர்ந்தவன், எங்க ஊர்த் துறைமுகத்துலேர்ந்து ஜனங்க போனாங்கன்னு படிச்சிருக்கேன், போனவங்க வீட்டு ஆளு பக்கத்து சீட்ல கீரைக்கூடையோட உக்காந்திருக்கறது வேற. இறங்கறப்ப ஒரு பிடி முருங்கைக்கீரையை என் பையில திணிச்சாங்க, ரூம்ல அடுப்பு இல்லம்மான்னு சொன்னேன், காதுல வாங்கவே இல்ல.

போறப்ப அவங்கதான் சொன்னாங்க, பித்தோன் சான்த் ரோஸ்ல சர்ச் வாசல்ல இறங்குன்னு. இறங்கினேன். 1977 ஏப்ரல்ல எரிமலை வழக்கமா ஒழுகற பள்ளத்தை விட்டு வெளிய, மலைச்சரிவுல வெடிச்சு, லாவா நேரா இந்த ஊருக்குள்ள வந்துச்சு. ஊரைக் காலி பண்ணிட்டாங்க, வீடுங்க போச்சு, உயிர் போகல. ரோட்டைத் தாண்டி சர்ச் வாசல்ல வந்த லாவா முன்கதவு வழியா கொஞ்சம் உள்ள நுழைஞ்சு ரெண்டா பிரிஞ்சு சுவரைச் சுத்திக்கிட்டுப் போய் நின்னுடுச்சு. இன்னிக்கும் சர்ச்சோட சுவர்ல சாஞ்சு கருங்கல்லு அலை அலையா கிடக்கு, நோத்ர் தாம் தெ லாவ், லாவா மாதான்னு பேரே மாத்திட்டாங்க. வெளிய செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்த ஒரு பெரியவர் அப்ப பள்ளிக்கூடப் பையனாம். ராத்திரி வானம் சிவப்பா இருந்துச்சு, அம்மா தையல் மெஷினை மட்டும் தூக்கிட்டு வந்தா, நாலு நாள் கழிச்சு வந்து பாத்தப்ப எங்க வீடு எந்த இடத்துல இருந்துச்சுன்னே அடையாளம் தெரியலன்னு சொன்னார். அதிசயமான்னு நான் கேட்கல, அவரும் சொல்லல. நிலம் மட்டம் எப்படி இருந்துச்சு, சரிவு எந்தப் பக்கம் போச்சுன்னு கையாலேயே காட்டினார், அந்த ஊர்க்காரங்க எல்லாரும் அரை ஜியாலஜிஸ்ட்தான்.

அந்த ஒரு எரிமலை வெடிப்புக்கு அப்புறம்தான் பிரெஞ்சு அரசாங்கம் 1979ல பூர்க் முராங்கற மலையூர்ல எரிமலை கண்காணிப்பு நிலையம் ஆரம்பிச்சுது. இப்ப மலை ஒரு மில்லிமீட்டர் வீங்கினாலும் அவங்களுக்குத் தெரிஞ்சுடும்.

சான்த் ரோஸ் தாண்டினா கிரான் ப்ரூலே. பேருக்கு ஏத்த மாதிரி எரிஞ்ச பூமி. மலை உச்சியிலேர்ந்து கடல் வரைக்கும் குதிரை லாடம் வடிவத்துல திறந்து கிடக்கற பள்ளத்தோட வாய் இது, லாவா பெரும்பாலும் இதுக்குள்ளேயே ஓடி கடல்ல விழும், அதனால இங்க யாரும் வீடு கட்டறதில்ல. ரோடு மட்டும் குறுக்கால போகுது. லாவா மூடும், ஆறினதும் மேலேயே புது ரோடு போடுவாங்க, திரும்ப மூடும். ஒவ்வொரு லாவா ஓடைக்கும் ஓரத்துல வருஷம் எழுதின போர்டு நிக்குது, 2004னு ஒண்ணு, கொஞ்ச தூரம் போனா 2007. பஸ்லேர்ந்து பாத்தா போர்டுதான் தெரியும். இறங்கி நடந்தாத்தான் வருஷ வித்தியாசம் தெரியும், ஏன்னா பழைய ஓடை மேல வெள்ளைச் சாம்பல் நிறத்துல பாசிப்பூஞ்சை படர்ந்து, அதுக்கு மேல பெரணி முளைச்சு, இன்னும் பழசுல மரமே வந்தாச்சு, புதுசுல பெரும்பாலும் கறுப்புதான். ஒரு காடு எப்படிப் பொறக்குதுன்னு போர்டு போட்டு வரிசையா வெச்ச மாதிரி, நடக்க நடக்க பாத்துக்கிட்டே போகலாம்.

2007 ஏப்ரல்ல வந்தது அந்த நூற்றாண்டுலயே பெரியது. அந்த ஓடை சில இடத்துல பல பத்து மீட்டர் கனம், வருஷக்கணக்கா மழை பெஞ்சா ஆவி கிளம்பிட்டே இருந்துச்சாம். உள்ளேர்ந்து அவ்வளவு லாவா வெளியேறினதால உச்சியில இருக்கற தொலொமியு பள்ளத்தோட தரை 300 மீட்டருக்கு மேல அப்படியே உள்ள இறங்கிப் போச்சு. இங்க ரோட்டோரம் நிக்கும்போது அந்தக் கணக்கு மனசுல ஏறாது. குனிஞ்சு பாத்தா ஏறும். நான் ஒரு இடத்துல மண்டி போட்டு உக்காந்து பாத்தேன், ஆறின கூழ் மேல ஆடை சுருங்கி மடிஞ்சு கிடக்குமே அதே மடிப்பு, கையகலத்துல பத்துப் பதினஞ்சு மடிப்பு, தொட்டா கண்ணாடிப் பொருக்கு நகத்துல உதிருது, மடிப்புக்கு இடையில ஒரு விரல் நீளத்துக்கு பெரணிக் கன்னு, ரெண்டே இலை. ரெண்டடி தள்ளி முற்றிலும் வேற மாதிரி, உடைச்சுப் போட்ட ஜல்லிக் குவியல், செருப்பு அடிப்பாகத்தைக் கிழிக்கற கூர்மை. ரெண்டும் ஒரே லாவாதான், ஓடின வேகமும் ஆறின விதமும்தான் வேற. நல்ல ஷூ இல்லாம இறங்காதீங்க, விழுந்தா கை பூரா கீறல் நிச்சயம்.

த்ராம்ப்ளே பக்கம் அதே 2007 லாவா கடல்ல விழுந்த இடத்துல புதுசா ஒரு கடற்கரையே வந்திருக்கு, மணல்ல பச்சை மின்னும், ஆலிவின்ங்கற தாதுவோட துகள். கையில அள்ளி வெயில்ல காட்டினா நல்லாத் தெரியும். குளிக்க இறங்காதீங்க, அலை பயங்கரம், அதோட இந்தத் தீவுல சுறா பிரச்சினையால 2013லேர்ந்து பவளப்பாறைக் கட்டுக்கு வெளிய, காவல் இல்லாத இடத்துல குளிக்கறதுக்கே தடை. இன்னும் தெற்கால ப்வென்த் தெ லா தாப்ல் 1986ல வந்த லாவாவால கடலுக்குள்ள நீட்டின நிலம், அதுவரைக்கும் தீவோட மேப்ல இல்லாத பூமி. அது மேல நடைபாதை போட்டிருக்காங்க. ஓரம் பூரா தாழை. சான் ஃபிலிப் ஊர்ல அந்த மடல்ல கூடை, முதுகுப் பை எல்லாம் முடையறாங்க. ஒரு கடை வாசல்ல ஒருத்தர் முள்ளைக் கிழிச்சுட்டு மடலை வகுந்துட்டு இருந்தார், எங்க ஊர்ல தாழம்பாய் முடையறவங்க கை போற போக்குதான், நான் நின்னு பாத்துட்டே இருந்ததுல ஒரு பஸ்ஸே போயிடுச்சு, அதுக்கு நான் வருத்தப்படல.

எரிமலை உச்சிக்கு பஸ் கிடையாது, இதை ஒத்துக்கணும். பஸ் கொண்டு விடறது பூர்க் முரா வரைக்கும், சான் பியேர் சான் பெனுவா ரெண்டையும் மலைமேட்டு வழியா இணைக்கற பஸ் அங்க நிக்கும். அதுக்கு மேல இருபது கிலோமீட்டருக்கு மேல காட்டு ரோடு. அங்க லிஃப்ட் கேட்கறது சகஜம், ஞாயித்துக்கிழமை காலையில நின்னா சுலபம், ஏன்னா ரீயூனியன்காரங்க ஞாயித்துக்கிழமைன்னா குடும்பத்தோட அண்டா குண்டானோட வெளிய சாப்பிடக் கிளம்பிடுவாங்க. எனக்கு நிறுத்தினது தாம்போன் ஊர்க் குடும்பம், வண்டிக்குள்ள அஞ்சு பேர், ஒரு பெரிய அலுமினியக் குண்டான், துணி போட்டுக் கட்டியிருந்துச்சு, அது என் மடியிலதான். மசாலா வாசனை. மஞ்சளும் வெந்தயமும் தனியாத் தெரிஞ்சுது. அங்க ஆட்டுக்கறிக் குழம்புக்கு மசாலேன்னே பேரு.

பூர்க் முராவுல எரிமலை மியூசியம் ஒண்ணு இருக்கு, சித்தே து வொல்கான், மழை நாள்ல போகலாம். அங்கதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. ரீயூனியனுக்கு அடியில இருக்கற அதே எரிமலைக் குழம்பு ஊத்துதான் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி நம்ம தக்காணப் பீடபூமியில லாவாவா கொட்டினதுன்னு சொல்றாங்க, அஜந்தா எல்லோராவுல குடைஞ்சிருக்காங்களே அந்தக் கல்லு. இந்தியா வடக்கால நகர நகர அந்த ஊத்து மேல லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் வரிசையா உருவாகி, அப்புறம் மொரிஷியஸ், கடைசியா இது. நம்ம ஆளுங்க கப்பல்ல வந்து சேர்றதுக்குக் கோடி வருஷம் முன்னாடியே இந்தக் கல்லுக்கும் நம்ம நாட்டுக் கல்லுக்கும் சொந்தம் இருந்திருக்கு. இதைப் படிச்சுட்டு நான் அங்கேயே பெஞ்சுல உக்காந்துட்டேன்.

காட்டு ரோடு ஒரு திருப்பத்துல முடிஞ்சு ப்ளேன் தெ சாப்ல் திறக்கும், செம்பழுப்பு சாம்பல் சமவெளி, புல்லு பூண்டு இல்ல. வண்டிக்குள்ள பேச்சு நின்னு போச்சு, அந்தக் குடும்பம் எத்தனையோ தடவை பாத்தவங்க, அவங்களும் பேசல. பா தெ பெல்கோம்ல, 2,311 மீட்டர், இறங்கிக்கிட்டேன். செங்குத்துச் சுவர்ல நூத்துக்கணக்குல படி இறங்கி உள்ளே போனா ஃபோர்மிகா லியோன்னு 1753ல வந்த சின்ன செம்மேடு, அப்புறம் லாவா மேல வெள்ளை பெயின்ட் புள்ளி, அதைப் பிடிச்சுட்டே போகணும். மேகம் இறங்கினா அடுத்த புள்ளி தெரியலேன்னா நின்னுடுங்க, தேடிப் போகாதீங்க. உச்சிப் பள்ளத்து விளிம்பு போய்த் திரும்ப அஞ்சாறு மணி நேரம். விடியறதுக்கு முன்னாடி கிளம்பறவங்களுக்குத்தான் பள்ளம் தெரியும், பத்து மணிக்கு மேகம் ஏறிடும். எரிமலை எச்சரிக்கை கொடுத்துட்டா இந்தப் பாதையை மூடிடுவாங்க, அன்னிக்குக் காலைல விசாரிச்சுட்டுப் போங்க. சாயங்காலம் ஏறி வந்தப்ப அதே குடும்பம் கார் பார்க்கிங்ல காத்திருந்தாங்க, எனக்கு ஒரு தட்டுல சோறு, பீன்ஸ், ருகாய்னு சொல்ற காரமான தக்காளித் துவையல் எடுத்து வெச்சிருந்தாங்க. எரிமலை வெடிச்சா ராத்திரி எல்லாரும் வண்டி எடுத்துட்டு மேல ஏறிடுவோம், ரோடு பூரா ஜாம் ஆகும், குழந்தைங்களைப் போர்வையில சுத்தித் தூக்கிட்டு வருவோம்னு அந்தக் குடும்பத்துப் பாட்டி சொன்னாங்க. பயமா இருக்காதான்னு கேட்டேன். அது நம்ம வீட்டு ஆளுன்னாங்க.

சிலாவோஸ் பஸ் சான் லூயிலேர்ந்து. நானூறு வளைவு ரோடுன்னுதான் அதைச் சொல்றாங்க, வாந்தி வர்றவங்க மாத்திரை போட்டுக்கோங்க. டிரைவர் ஒவ்வொரு குருட்டு வளைவுலயும் ஹாரன் அடிச்சுட்டே போறார், ஒரு வழிச் சுரங்கத்துல பஸ் நுழையும்போது கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவுல என் உள்ளங்கை நுழையாது. எதிர்ல கார் வந்தா கார்தான் பின்னால போகணும், அதுல தகராறே இல்ல. ஊர் 1,200 மீட்டர்ல, பயறுக்கும் துணியில போடற எம்ப்ராய்டரிக்கும் பேர் போனது. 1952 மார்ச்ல இந்த ஊர்ல ஒரே நாள்ல 1,870 மில்லிமீட்டர் மழை பதிவாச்சு, சென்னையில ஒரு வருஷத்துக்குப் பெய்யறதை விட ஜாஸ்தி.

சிலாவோஸ்லேர்ந்து இலே ஆ கோர்த் போற சின்ன பஸ்ல ஏறி, தாயிபித் கணவாய்ப் பாதை ஆரம்பிக்கற இடத்துல கை தட்டி இறங்கினா மஃபாத்துக்கு வழி. கணவாய் 2,000 மீட்டருக்கு மேல உசரத்துல இருக்கு, அதுவரைக்கும் ஏறணும், முட்டி சொல்லும் கதை. பாதி வழியில மூலிகைக் கஷாயம் விக்கறாங்க, ஏர்றவங்களுக்கு ஒண்ணு இறங்கறவங்களுக்கு ஒண்ணு, ஏறு கஷாயத்தைக் குடிச்சுட்டு ஏறினேன். அந்தப் பக்கம் இறங்கினா மார்லாங்கற சின்ன ஊர். மஃபாத்துங்கறது தப்பி ஓடின அடிமைகளோட தலைவர் ஒருத்தர் பேரு, 1751ல அடிமை வேட்டைக்காரங்க அவரைக் கொன்னாங்க. அவங்க ஒளிஞ்சு வாழ்ந்த இடம்தான் இது, சுத்திலும் சுவர், வண்டி நுழையாது. இன்னிக்கும் அங்க எழுநூறு எண்ணூறு பேர் இருக்காங்க, சோலார் கரண்டு, சாமான் ஹெலிகாப்டர்ல, தபால்காரர் வாரம் பூரா நடந்துதான் கடிதாசு கொடுத்தார் ரொம்ப வருஷம். நான் தங்கின வீட்டுக்காரம்மாகிட்ட கீழ போய் இருக்கலாமேன்னு யாராவது சொல்வாங்களான்னு கேட்டேன். எல்லாரும் சொல்வாங்க, பசங்க போயிருக்காங்க, ஆனா கீழ போனா ராத்திரி வண்டிச் சத்தத்துல தூக்கம் வரலன்னாங்க. விறகடுப்புல சமைச்ச சிலாவோஸ் பயறும் சோறும் வெச்சாங்க, அந்தக் குளிருக்கு ரெண்டு தட்டு போச்சு.

*

அண்ணா, படிச்சு முடிச்சதும் நானும் எழுதியே ஆகணும்னு தோணிச்சு. நான் வேலை பாக்கறது மொரிஷியஸ்ல, லாங் வீகெண்ட்னா அங்க போயிடுவேன். நீங்க கிழக்குப் பக்கம் சலாசியை விட்டுட்டீங்க, அதை நான் சொல்றேன்.

சான் ஆந்த்ரே பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து எல் பூர்க் போற பஸ். ஒரு மணி நேரம் கூட ஆகாது, ஆனா வழி பூரா ரெண்டு பக்கமும் அருவி, ரோட்டு மேலேயே சாரல் அடிக்கும், பஸ் கண்ணாடியைச் சாத்தச் சொல்லி எல்லாரும் ஒரே சத்தம். சலாசி பூரா சௌசௌ, பந்தல் போட்டது போக கரண்டு கம்பம், மரம், கூரை எல்லாத்துலயும் ஏறிக் கிடக்கு. காயும் திங்கறாங்க, கொழுந்தையும் கீரையா வதக்கறாங்க, கேக் கூட செய்யறாங்க. எல் பூர்க் ஒரு காலத்துல வெந்நீர் ஊத்துக்குப் பணக்காரங்க வந்து தங்கின ஊர், 1948 புயல்ல அந்த ஊத்து போயிடுச்சு, மரவேலைப்பாடு வெச்ச வீடுங்க மட்டும் நிக்குது. அங்கேர்ந்து பெலூவ் காட்டுக்கு ஏறற பாதை செங்குத்து, ரெண்டு மணி நேரம், பூரா ஈரம், வேரைப் பிடிச்சுத்தான் ஏறணும். நான் ஏறறப்ப மேலேர்ந்து எழுபது வயசுத் தாத்தா ஒருத்தர் ரப்பர் செருப்பு போட்டுட்டு குடையோட இறங்கி வந்தார். என் ஷூவைப் பாத்துட்டு நல்லா இருக்குன்னுட்டு போயிட்டார்.

ஆனா நான் சொல்ல வந்தது சான் ஆந்த்ரே கொலோஸ் கோயில் விஷயம். பஸ்ல வர்றப்ப கரும்புக்காடு தாண்டி கோபுரம் தெரிஞ்சுது, அப்படியே கை தட்டி இறங்கிட்டேன். உள்ள நாலஞ்சு பொம்பளைங்க பூ கட்டிட்டு இருந்தாங்க. தமிழ்ல பேச ஆரம்பிச்சேன், ஒருத்தருக்கும் புரியல, ஒரு பொண்ணு மட்டும் காலேஜ்ல தமிழ் கத்துக்கறேன்னு சொல்லி "வாங்க, உக்காருங்க"ன்னா. அவ்வளவு சுத்தமான தமிழ். அவ அம்மா அவளையே பாத்துட்டு இருந்தாங்க. தீமிதிக்கு விரதம் இருக்கறதைப் பத்திப் பேசினோம், திரௌபதி அம்மனை அவங்க பாந்தியாலேன்னு சொல்றாங்க. ராத்திரி பூரா ஆடற கூத்து இன்னும் சில ஊர்ல இருக்காம், பாட்டு எல்லாம் நோட்டுல பிரெஞ்சு எழுத்துல எழுதி வெச்சு மனப்பாடம் பண்றாங்களாம், அர்த்தம் தெரியாமலே தாத்தா பாடினதைப் பேரன் பாடறான். அந்தப் பொண்ணு தமிழ் கத்துக்கறதே அந்த நோட்டைப் படிக்கத்தான்னு சொன்னா. என்கிட்ட ஒரு பக்கத்தை போன்ல காட்டினா, ரெண்டு பேரும் சத்தம் போட்டுப் படிச்சுப் படிச்சு வார்த்தையைப் பிரிச்சோம், முழுசா நாலு வரி வந்துச்சு, அருச்சுனன் தவத்துக்குப் போற பாட்டு. பூ கட்டிட்டு இருந்தவங்க எல்லாம் கையை நிறுத்திட்டாங்க. அவ ஒவ்வொரு வரிக்கும் அர்த்தத்தை அந்தத் தீவோட பேச்சு மொழியான கிரயோல்ல சொல்லச் சொல்ல ஒரு பாட்டி அழுதுட்டாங்க. அன்னிக்கு நான் அருவி பாக்கப் போகவே இல்ல, கடைசி பஸ் வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தோம்.

*

ரெண்டு பேருக்கும் நன்றி. எனக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும், 62 வயசு, நடப்பாங்க, ஆனா மலை ஏற முடியாது, சைவம். பஸ்லயே போறது சரி வருமா? எந்த மாசம்? ஐரோப்பாவுக்குப் பொதுவா எடுக்கற ஷெங்கன் விசா போதுமா?

*

தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஷெங்கன் விசா மட்டும் போதும்னு நம்பிப் போகாதீங்க, ரீயூனியன் பிரான்ஸா இருந்தாலும் ஷெங்கன்ல சேரல, விண்ணப்பிக்கறப்பவே ரீயூனியன்னு தெளிவா சொல்லிக் கேளுங்க.

மே மாசத்துலேர்ந்து நவம்பர் வரை நல்லது, மழை கம்மி. ஜனவரியிலேர்ந்து மார்ச் வரை வேண்டவே வேண்டாம், புயல் காலம். 2024 ஜனவரியில பெலால், 2025 பிப்ரவரி கடைசில கேரான்ஸ், ரெண்டும் தீவைப் போட்டுத் தாக்கிச்சு, மலை ரோடும் நடைபாதையும் மூடிடுவாங்க, சிலாவோஸ் ரோட்ல பாறை விழுந்தா ஊரே மாட்டிக்கும். ஜூலை ஆகஸ்ட்ல எரிமலை மேல விடிகாலையில உறைபனி இருக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர், குல்லா, ரெண்டு ஜோடி சாக்ஸ்.

அம்மாவுக்கு ஏத்தது சான் பியேர்ல தங்கிட்டு பகல்ல தெற்கு கடலோர பஸ். பித்தோன் சான்த் ரோஸ் சர்ச் ரோட்டு மேலேயே இருக்கு. கிரான் ப்ரூலேல லாவாவைப் பாக்கறதுக்கும் ரோட்டோரமே போதும். சலாசி பஸ் ஜன்னல் சீட்லேர்ந்தே பாதி தீவு தெரியும், தங்கச்சி சொன்ன கோயிலும் அந்த வழிதான். எரிமலை மேல மட்டும் ஒரு நாள் டாக்ஸியோ வேனோ பேசிக்கோங்க, பா தெ பெல்கோம் விளிம்புல நின்னு பாக்க நடையே இல்ல.

சாப்பாடு கவலைப்படாதீங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து வண்டிக்கடையில பொன்பொன் பிமான்னு கேளுங்க, பச்சமிளகா போட்ட நம்ம பருப்பு வடையேதான், காலைல அதை ரொட்டிக்குள்ள வெச்சு சாப்பிடறாங்க. ஹோட்டல்ல கறி இல்லாம சோறு, பயறு, கீரை, ருகாய், ஊறுகாய் தனியா கேட்டா வெப்பாங்க. மொச்சைக்கொட்டையிலயும் பயறுலயும் சில இடத்துல கறித்துண்டு போட்டு வேக வெப்பாங்க, அதை முன்னாடியே கேட்டுடுங்க.

பஸ் சாயங்காலம் ஆறு ஏழு மணியோட ஓஞ்சுடும், ஞாயித்துக்கிழமை ரொம்பவே கம்மி. மலை பஸ்ஸுக்கு முன் சீட்ல உக்காரச் சொல்லுங்க, குமட்டல் குறையும். இறங்கறதுக்குக் கை தட்டற வேலையை அம்மாகிட்டயே கொடுத்துடுங்க, டிரைவர்கள் வயசானவங்க இறங்கற வரைக்கும் பொறுமையா நிக்கறாங்க. தேதி முடிவானதும் இங்க போடுங்க, சான் பியேர்ல நான் தங்கின தெரு, எந்த பஸ்ஸுக்கு எங்க நிக்கணும்னு விவரமா எழுதித் தர்றேன்.